பாத்திரம் கழுவும் இயந்திரம் பழுதானால்: மலையக வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

ஹட்டனுக்கு அப்பால் ஒரு சரிவில் நான்கு அறைகள் கொண்ட சிறிய விருந்தினர் விடுதி ஒன்றை நடத்தி வருகிறேன். அதன் குசினியில் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்று ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறது. வேலை செய்ய மறுத்த நாட்களும் உண்டு. கொழும்பிலிருந்து ஆள் வரவழைத்தால் திருத்தக் கூலியைவிடப் போக்குவரத்துச் செலவு கூடிவிடும் என்பதால், நானே திறந்து பார்க்கப் பழகிக்கொண்டேன். அக்கம்பக்கத்து விடுதிக்காரர்களும், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வாங்கி அனுப்பிய வீட்டுக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளே கீழே உள்ளவை. இயந்திரத்தோடு வரும் கையேடுகள் சீரான குழாய் நீரையும், சீரான மின்சாரத்தையும், சமமான தரையையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. நமக்கு இம்மூன்றும் ஒருசேர வாய்ப்பது அரிது. நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை இயந்திரத்துக்குள் இருக்கவில்லை; உள்ளே வரும் தண்ணீரிலும், வெளியே போகும் குழாயிலும், சுவரிலுள்ள பிளக்கிலும்தான் இருந்தன.

இயந்திரத்தைத் திறப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். இயந்திரத்தின் பொத்தானை மட்டும் அணைப்பது போதாது. அடுத்து, இயந்திரத்துக்குப் போகும் டேப்பைப் பூட்டுங்கள். பாதியில் நின்ற இயந்திரமாயின் உள்ளே 60 பாகைக்கும் மேலான சூட்டில் தண்ணீர் இருக்கக்கூடும் என்பதால், கதவைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். வடிகட்டிக்குக் கீழே உள்ள குழியில் வெறும் விரலை விடவே கூடாது. உடைந்த கிளாஸ் துண்டுகள் போய்ச் சேரும் இடம் அதுதான். கலங்கிய தண்ணீரில் அவை கண்ணுக்குத் தெரியாது.

பொத்தானை அழுத்தினாலும் எந்த அசைவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

அதே பிளக் பொயின்டில் இஸ்திரிப் பெட்டியைக் குத்திப் பாருங்கள். அது சுடவில்லை என்றால் இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இஸ்திரிப் பெட்டி சுடுகிறது என்றால், இயந்திரத்தின் சதுர முள் பிளக்குக்குள் இருக்கும் 13 அம்பியர் பியூஸைக் கழற்றி மாற்றிப் பாருங்கள். பழைய பங்களாக்களிலும் தோட்டத்து உத்தியோகத்தர் வீடுகளிலும் இன்னும் 5 அம்பியர் வட்ட முள் பொயின்ட்கள் இருக்கின்றன. தண்ணீரைச் சூடாக்கும்போது இயந்திரம் ஏறக்குறைய 2,000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 9 அம்பியருக்குச் சற்றுக் குறைவு. 5 அம்பியர் பொயின்ட்டில் அடாப்டர் வைத்து இதை ஓட்டுவது, மெதுவாக நெருப்பு வைப்பதற்குச் சமம். அடாப்டரின் ஓரம் பழுப்பேறியிருந்தால் அன்றே அதை வீசிவிட்டு, தனி வயர் இழுத்து 13 அம்பியர் பொயின்ட் போடச் சொல்லுங்கள்.

மின்சாரம் வருகிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் ஓட்டம் தொடங்கவில்லை என்றால் கதவைக் கவனியுங்கள். மூடும்போது ‘டக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். கீழ்த்தட்டில் ஒரு பெரிய சட்டி முட்டிக்கொண்டிருந்தாலும் கதவு ஒரு நூல் அளவு விலகி நிற்கும். அவ்வளவே போதும், இயந்திரம் அசையாது. குழந்தைப் பூட்டும் தாமதத் தொடக்கமும் தெரியாமல் அழுத்தப்பட்டிருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கும்.

தொடங்குகிறது, ஆனால் தண்ணீர் வராமல் சில நிமிடங்களில் பிழைக் குறியோடு நின்றுவிடுகிறது. ஏன்?

மலைநாட்டில் இதுவே முதன்மையான முறைப்பாடு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அழுத்தம். பல இயந்திரங்களின் கையேடுகள் குறைந்தது 0.5 பார் நீரழுத்தம் கேட்கும், சில 0.3 பாருடன் திருப்தியடையும். தாங்கியிலுள்ள நீர்மட்டம் இயந்திரத்தின் வால்வைவிடப் பத்து மீற்றர் உயரத்தில் இருந்தால் ஒரு பார் கிடைக்கும் என்பது கணக்கு. அப்படியானால் 0.5 பாருக்கு ஐந்து மீற்றர் வேண்டும். ஒருமாடி வீட்டின் கூரையில் வைத்த தாங்கி இயந்திரத்துக்கு மேலே இரண்டரை மூன்று மீற்றரில்தான் நிற்கும். கையைக் கழுவ அது தாராளம், இயந்திரத்துக்குப் போதாது. வீட்டுக்குப் பின்னால் சரிவு ஏறுகிறது என்றால், தாங்கியைக் கூரையிலிருந்து இறக்கிச் சரிவின் மேலே ஒரு மேடை கட்டி வைப்பதுதான் நிரந்தரமான வழி. இடம் இல்லாதவர்கள் அழுத்தம் கூட்டும் சிறிய பம்பி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் நின்றால் பம்பியும் நிற்கும். ஆனால் அப்போது கழுவும் இயந்திரமும் நிற்பதால் அது ஒரு குறையாகாது.

மீட்டர் எதுவும் இல்லாமல் இதைச் சோதிக்க, டேப்பிலிருந்து ஹோஸைக் கழற்றி, பத்து லீற்றர் வாளி ஒன்றை வைத்து டேப்பை முழுதாகத் திறந்து, நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் வாளி நிரம்பினால் ஓட்டம் போதும். இரண்டு நிமிடம் எடுக்கிறது என்றால், இயந்திரம் தனக்கு விதித்த நேரத்துக்குள் நிரம்ப முடியாமல் சோர்ந்துவிடும். காலையில் மேல்வீட்டுக்காரர்களும் அதே குழாயில் குளிக்கும் நேரத்தில் ஒருமுறையும், பிற்பகலில் ஒருமுறையும் இதைச் செய்து பாருங்கள். இரண்டு விடைகள் வரும்.

அடுத்து சல்லடை. ஹோஸ் இயந்திரத்தோடு சேரும் இடத்தில், சில இயந்திரங்களில் டேப்போடு சேரும் இடத்தில், நகம் அளவான ஒரு சிறு வலை இருக்கும். ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ குழாய் இழுத்த வீடுகளில், மழை தொடங்கி இரண்டு வாரத்தில் அது அடைந்துவிடும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளை, பண்டாரவளை பக்கத்தில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையும் இதை எதிர்பார்க்கலாம். கடந்த ஜூனில் நான் கழற்றிய வலையில் செம்மண் களிம்பு ஒரு வில்லையைப் போல உருண்டு உட்கார்ந்திருந்தது; நடுவில் ஒரு கொழுந்திலையின் நரம்பு மட்டும் மக்காமல் கிடந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டியதும் இயந்திரம் ஒன்றும் நடவாததுபோல் நிரம்பத் தொடங்கியது.

தொல்லை என்று எண்ணிச் சிலர் அந்த வலையையே எடுத்து எறிந்துவிடுகிறார்கள். அப்போது மணல் துகள்கள் வால்வின் ரப்பரில் போய்ச் சிக்கி, வால்வு முழுதாக மூடாமல், இயந்திரம் அணைந்திருக்கும்போதும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். அதற்குப் பதிலாக, டேப்புக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணம் போன்ற வண்டல் வடிகட்டி ஒன்றைப் பூட்டிவிட்டால், கலங்கலை வெளியிலிருந்தே பார்த்துக் கழுவிக்கொள்ளலாம்.

அழுத்தமும் வலையும் சரியாக இருந்தும் நீர் வரவில்லை என்றால், தொடங்கிய உடனே காதை வைத்துக் கேளுங்கள். ‘ம்ம்’ என்ற மெல்லிய உறுமல் கேட்டால் வால்வுக்கு மின்சாரம் போகிறது, ஆனால் அது திறக்கவில்லை. உறுமலே இல்லை என்றால் வால்வின் சுருள் அறுந்திருக்கலாம். மல்டிமீட்டரில் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டிய சுருள் எதுவும் காட்டாவிட்டால் வால்வை மாற்ற வேண்டியதுதான்.

எங்கள் ஊற்றுத் தாங்கி மிக உயரத்தில் இருக்கிறது. அழுத்தம் கூடினால் நல்லதுதானே?

இல்லை. பெரும்பாலான இயந்திரங்களின் மேலெல்லை 10 பார். அதாவது நூறு மீற்றர் உயரம். மலை உச்சியில் தாங்கி கட்டிப் பள்ளத்தில் வீடு வைத்தவர்களுக்கு இது கைக்கெட்டாத எண் அல்ல. டேப்பைச் சடாரென்று மூடும்போது சுவருக்குள் குழாய் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டால், இடையில் ஒரு சிறு தாங்கி கட்டி அழுத்தத்தை உடையுங்கள், அல்லது அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் பூட்டுங்கள். இரவில் யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்தில்தான் அழுத்தம் உச்சத்துக்கு ஏறும். ஹோஸ் வெடிப்பதும் அப்போதுதான்.

தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் இயந்திரம் நிரம்புவதே இல்லை. இது எப்படி?

இதில் நான் ஏமாந்த கதையைச் சொன்னால் உங்களுக்கு ஒரு வால்வின் விலை மிஞ்சும். குசினியைத் திருத்திக் கட்டியபோது, கழிவு நீர் ஹோஸைச் சுவரில் துளையிட்டு வெளியே எடுத்து, சரிவுக்குக் கீழே உள்ள கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், போட்டுவிட்டோம். பார்க்க நேர்த்தியாக இருந்தது. அன்றிலிருந்து இயந்திரம் நீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. வெளியூரிலிருந்து வந்த திருத்துநர் உள்வரும் வால்வை மாற்றிக் காசு வாங்கிப் போனார். குறை அப்படியே இருந்தது. பிறகு வேறு வேலைக்கு வந்த, குழாய் வேலை செய்யும் பைப் பாஸ், கானுக்குள் தண்ணீர் விடாமல் ஓடுவதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, மெஷின்ல ஒண்ணும் இல்ல, பைப்பத் தூக்கிக் கட்டுங்க” என்றார்.

கழிவு ஹோஸின் வாய் இயந்திரத்தின் அடிமட்டத்தைவிடக் கீழே இருந்தால், பெற்றோல் தாங்கியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பதுபோல, பம்பி ஓடாமலே நீர் தானாக இழுபட்டு வெளியேறிவிடும். ஆகவே ஹோஸ் முதலில் மேலே ஏறி வளைந்து, பிறகுதான் இறங்க வேண்டும். வளைவின் உயரம் தரையிலிருந்து 40 முதல் 100 சென்ரிமீற்றர் வரை இருக்க வேண்டும் என்று பல கையேடுகள் சொல்லும். சிங்க்கின் கீழே ஓர் ஆணியடித்து ஹோஸை உயர்த்திக் கட்டுங்கள். அதன் முனையைக் கழிவுக் குழாய்க்குள் செருகும்போது காற்றுப் புகாதபடி துணி சுற்றி இறுக்காதீர்கள். சுற்றிலும் இடைவெளி இருந்தால்தான் உறிஞ்சல் முறியும். சரிவில் வீடு கட்டியிருப்பவர்கள் அனைவரும் ஒருமுறை வெளியே போய்த் தங்கள் ஹோஸின் வாய் எங்கே முடிகிறது என்று பார்ப்பது நல்லது.

கழுவி முடிந்த பிறகும் அடியில் அழுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பம்பி போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. மேலே தேங்கிய நீரை ஒரு கோப்பையால் அள்ளி, மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றியெடுத்துவிட்டு, அடியிலுள்ள வட்ட வடிகட்டியை இடப்பக்கமாகத் திருகித் தூக்குங்கள். நம் சமையலில் அங்கே போய்ச் சேர்பவை கறிவேப்பிலைக் காம்பு, ரம்பைத் துண்டு, கறுவாப்பட்டை, தேசிக்காய் விதை, நெத்தலி முள், தேங்காய்ப்பூ ஆகியவை. கழுவுமுன் தட்டை வழித்துப் போட்டாலே இவற்றில் பாதி குறையும். தட்டைக் கழுவிவிட்டு வைக்க வேண்டியதில்லை, வழித்தால் போதும்.

வடிகட்டி துப்புரவாக இருந்தும் நீர் போகவில்லை என்றால், குழியின் ஓரத்தில் உள்ள பம்பி மூடியைக் கழற்றுங்கள். பல வகைகளில் அது ஒரு கரண்டிக் காம்பால் நெம்பினாலே வந்துவிடும். உள்ளே சிறிய விசிறி தெரியும். ஒரு குச்சியால் அதைச் சுற்றிப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு சுற்றாமல் விட்டுவிட்டுத் துள்ளித் துள்ளித் திரும்பும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும், பழுதென்று எண்ணிவிடாதீர்கள். எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் விசிறி அச்சிலிருந்து கழன்றிருக்கிறது. அசையவே இல்லை என்றால் ஏதோ சிக்கியிருக்கிறது; என் கைக்கு அகப்பட்டவற்றில் பல்லுக்குச்சி, சோடிப்பிரிந்த காதணித் திருகு, விருந்தினர் ஒருவரின் மாத்திரை உறை ஆகியன அடங்கும்.

மூன்றாவது காரணம் கையேடுகளில் இராது. ஏனெனில் அது தேங்காயும் குளிரும் சேர்ந்து செய்யும் வேலை. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில்தான் இருக்கிறது. இயந்திரத்துக்குள் சூட்டில் உருகி ஓடும் பாற்கறிக் கொழுப்பு, வெளிச்சுவரை ஒட்டிப் போகும் குளிர்ந்த ஹோஸுக்குள் நுழைந்ததும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். தலவாக்கலையில் ஒரு வீட்டு ஹோஸை வெட்டிப் பார்த்தோம். பெருவிரல் நுழைய வேண்டிய வாயில், மஞ்சள் ஏறிய மெழுகுபோன்ற வளையம் சுற்றிலும் படிந்து, நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு மட்டும் துளை மிஞ்சியிருந்தது. நகத்தால் சுரண்டினால் மெழுகுதிரிபோலவே உதிர்ந்தது. முகர்ந்தால் மாசியும் மிளகும் மணத்தது.

ஹோஸைக் கழற்றி, வெளியே எடுத்துச் சென்று, கை பொறுக்காத சூட்டில் வெந்நீரை ஊற்றி ஊற்றிக் கழுவினால் அது போய்விடும். கொதிக்கும் நீர் வேண்டாம், ஹோஸ் நெகிழ்ந்துவிடும். திரும்பவும் அடையாமலிருக்க, வாரத்துக்கு ஒருமுறையாவது 65 அல்லது 70 பாகைத் திட்டத்தில் ஓட்டுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த எந்நேரமும் குறைந்த சூட்டுத் திட்டத்திலேயே ஓட்டுவது கொழும்பில் சரியாக இருக்கலாம். நம் உயரத்தில் அது ஹோஸை அடைக்கும் வழி.

பாத்திரங்கள் சரியாகக் கழுவப்படவில்லை. மேல்தட்டில் மட்டும் அழுக்கு இருக்கிறது. என்ன காரணம்?

தண்ணீரைத் தெளிக்கும் கைகள் சுற்றவில்லை, அல்லது அவற்றின் துளைகள் அடைந்திருக்கின்றன. தொடங்கும் முன் மேல் கை எந்தத் திசையில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து பாருங்கள். அதே திசையில் நின்றால் நீளமான அகப்பைக் காம்பு ஏதோ ஒன்று தடுக்கிறது. கைகளைக் கழற்றி, ஈர்க்கினால் துளை ஒவ்வொன்றையும் குத்தி, டேப்பின் கீழே பிடித்துக் குலுக்கினால் உள்ளே சிக்கிய மணலும் சோற்றுப் பருக்கையும் கொட்டும். சோறு வடித்த பானையின் அடி எந்த இயந்திரத்துக்கும் அடங்காது. அதை ஊறப்போட்டுக் கையால் தேய்ப்பதே சுருக்கமான வழி.

சில பொருட்கள் இயந்திரத்துக்குள் போகவே கூடாது. மண்சட்டி சவர்க்காரத்தை உறிஞ்சிவைத்து அடுத்த கறியில் திருப்பித் தரும். சிரட்டை அகப்பையும் மத்தும் வெடிக்கும். அலுமினியச் சட்டி கறுக்கும். பித்தளைச் செம்பின் பளபளப்பு ஒரே தடவையில் போய்விடும். இவற்றுக்கு, ஊற்றிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீரும் ஒரு பிடி சாம்பலுமே மேல் என்பது என் கருத்து.

கழுவி முடிந்ததும் பாத்திரங்கள் குளிர்ந்தே இருக்கின்றன. ஹீட்டரை எப்படிச் சோதிப்பது?

சூடான திட்டத்தில் நாற்பது நிமிடம் ஓடிய பிறகு கதவைச் சற்றே திறந்தால் ஆவி முகத்தில் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹீட்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 2,000 வாட் ஹீட்டர் ஒன்று ஏறக்குறைய 26 ஓம் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் ஹீட்டர் எரிந்துவிட்டது. சரியாகக் காட்டியும் சுடவில்லை என்றால், கட்டுப்பாட்டுப் பலகையில் ஹீட்டருக்கு மின்சாரம் விடும் ரிலேயின் ஈயப் பற்று வெடித்திருக்கலாம்.

சூடாகிறது, ஆனால் முன்பைவிட நேரம் எடுக்கிறது என்றால் வோல்ட்டேஜைப் பாருங்கள். மின்மாற்றியிலிருந்து வெகுதூரம் தள்ளியுள்ள வீடுகளில் மாலை ஆறரை மணிக்குப் பிறகு அது 200 வரை இறங்கலாம். 230க்குப் பதில் 200 வோல்ட் கிடைத்தால், 2,000 வாட் ஹீட்டர் 1,500 வாட் அளவிலேயே வேலை செய்யும்; நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது. குழாயில் வரும் தண்ணீரும் நம்மிடம் குளிர்ந்தே வருவதால் தாமதம் இரட்டிப்பாகும். இரவு பத்தரைக்குப் பிறகு ஓட்டினால் வித்தியாசம் தெரியும்.

ஓடும்போது ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. மறுபடி தூக்கிவிட்டு ஓட்டலாமா?

கூடாது. எப்போது விழுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பிளக்கைக் குத்தியதுமே விழுந்தால் வயரிலோ, மின்சாரம் நுழையும் இடத்திலுள்ள மின் வடிகட்டிச் சுற்றிலோ ஈரம் இருக்கலாம். தொடங்கிப் பத்து, பதினைந்து நிமிடத்தில், அதாவது சூடாக்கும் கட்டத்தில் விழுந்தால், ஹீட்டரின் உறையில் வெடிப்பு விழுந்து மின்சாரம் தண்ணீருக்குள் கசிகிறது என்றே கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் பனிமூட்டத்துக்குள் சும்மா கிடந்த இயந்திரங்களில் இது அடிக்கடி வரும். ட்ரிப் சுவிட்ச்சை விலக்கி வயரை நேராகக் கொடுக்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்த ஒரு பழுதை நான் கையால் தொடுவதில்லை, மின்வேலை தெரிந்தவரிடமே விடுகிறேன். வரும்போது வீட்டின் எர்த் கம்பியையும் சோதிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் கருங்கல் நிலத்தில் அரைகுறையாக இறக்கிய கம்பி பெயருக்குத்தான் எர்த்.

அணைத்த பிறகும் பம்பி நிற்காமல் ஓடுகிறது. அடியில் ஈரமும் தெரிகிறது. என்ன நடந்திருக்கும்?

பல இயந்திரங்களின் அடியில் ஒரு தட்டம் இருக்கிறது. எங்காவது கசிந்த நீர் அதில் சேர்ந்ததும், ஒரு சிறு மிதவை எழும்பி, வெள்ளம் என்று அறிவித்து, நீரை நிறுத்திப் பம்பியை ஓடவிடும். கீழ்ப்பலகையைக் கழற்றித் தட்டத்து நீரைத் துணியால் ஒற்றி எடுத்தால் இயந்திரம் அடங்கிவிடும். ஆனால் கசிந்த இடத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் நாளை மறுபடியும் அதே கதைதான். கதவு ரப்பரின் கீழ் மூலைகளைத் துடையுங்கள். ஹோஸ் பட்டிகளைத் தொட்டுப் பாருங்கள். எலி கடித்த தடம் இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துத் தேடுங்கள். மழைக்காலத்தில் எலிகளுக்கு இயந்திரத்தின் அடியைவிடக் கதகதப்பான இடம் வேறில்லை. தரை சரிந்திருந்தால் நீர் ஒரு பக்கமாகச் சேர்ந்து கதவோரம் வழியும். நீர்மட்டக் கருவியை வைத்துக் கால்களைத் திருகிச் சமப்படுத்துங்கள்.

கசிவுக்குக் காரணம் நுரையாகவும் இருக்கலாம். இயந்திரத்துக்குரிய தூள் மலையகக் கடைகளில் எளிதில் கிடைக்காதபோது, கையால் கழுவும் திரவத்தைக் கொஞ்சமாக ஊற்றினால் என்ன என்று தோன்றும். ஒரு மேசைக்கரண்டி போதும், குசினித் தரை முழுவதும் நுரை பரவும். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால், ஓட்டத்தை நிறுத்தி, நுரையை அள்ளி, ஒரு பிடி உப்பைத் தூவி நுரையை அடக்கிவிட்டு, வெறும் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசவிட வேண்டும். தூள் தீர்ந்த நாட்களில் கையால் கழுவிக்கொள்வதே நல்லது.

உப்புப் பெட்டியில் உப்பு நிரப்ப வேண்டுமா? எங்கள் கிளாஸ்கள் மங்கிக்கொண்டே போகின்றன.

உப்பு, நீரிலுள்ள சுண்ணாம்பை நீக்கும் பிசினைப் புதுப்பிப்பதற்காகவே இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்து நீருக்கு அது இன்றியமையாதது. மழையில் பிறந்து கருங்கல்லின் மேல் ஓடிவரும் மலைநாட்டு நீர் பெரும்பாலும் மென்னீர். கடினத்தன்மை அமைப்பை மிகக் குறைந்த எண்ணில் வைத்தாலே போதும். மாத்தளை, திகன போன்ற பகுதிகளில் நிலத்துக்கடியில் பளிங்குச் சுண்ணாம்புக்கல் இருப்பதால், அங்கே கிணற்று நீர் பயன்படுத்துபவர்கள் மட்டும் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். உப்புப் போடுவதானால் இயந்திரத்துக்குரிய பெரிய பரல் உப்பையே போடுங்கள். அயடீன் கலந்த சமையல் உப்புத் தூள் கட்டிபட்டு அடைத்துக்கொள்ளும்.

மங்கிய கிளாஸை வினாகிரியில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். மங்கல் போய்விட்டால் அது சுண்ணாம்பு. போகாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது, அது திரும்பாது. மென்னீரில் தூளை அள்ளிப் போட்டு உச்சச் சூட்டில் கழுவுவதால் வருவது இது. நம் ஊரில் நான் பார்த்த மங்கல்களில் அதிகமானவை இந்த இரண்டாம் வகைதான். தூளைப் பாதியாகக் குறையுங்கள், கிளாஸ்களை மட்டும் குறைந்த சூட்டில் தனியாகக் கழுவுங்கள்.

இடி முழங்கிய இரவுக்குப் பிறகு எந்த விளக்கும் எரியவில்லை. பலகையை மாற்ற வேண்டுமா?

ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடியோடு வரும் மின்னதிர்ச்சி முதலில் தாக்குவது கட்டுப்பாட்டுப் பலகையைத்தான். புதுப் பலகையின் விலை இயந்திரத்தின் விலையில் பெரும்பகுதியாக இருக்கும் என்பதால், வாங்குமுன் பழையதைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மின்சாரம் நுழையும் ஓரத்தில் காசளவான வட்டப் பாகம் ஒன்று வெடித்துக் கரியேறியிருந்தால், அது அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு மற்றவற்றைக் காப்பாற்றியிருக்கக்கூடும். தொலைக்காட்சி, இன்வேர்ட்டர் பலகைகளைத் திருத்தும் டவுன் கடைக்காரர் அதைச் சிறு செலவில் மாற்றித் தருவார். செத்த பல்லி ஒன்று பலகையின் குறுக்கே கிடப்பதையும் கண்டிருக்கிறேன். அதற்கு இடி தேவையில்லை. வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய இயந்திரம் இரண்டு வருடமாகப் பெட்டியில் கிடக்கிறது. அப்படியே பூட்டலாமா?

முதலில் கதவோரத்திலுள்ள தகட்டைப் படியுங்கள். இங்கிலாந்து, ஐரோப்பா இயந்திரங்கள் 220–240 வோல்ட், 50 ஹேட்ஸ், நமக்குப் பொருந்தும். ஜப்பானின் 100 வோல்ட், வட அமெரிக்காவின் 120 வோல்ட் இயந்திரங்களை நேராகப் பொருத்தினால் நொடியில் கருகும்.

பொருந்தும் இயந்திரமாயினும் நீண்டநாள் காய்ந்து கிடந்த பம்பியின் ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு லீற்றர் இளஞ்சூட்டு நீரை அடியில் ஊற்றி ஒருநாள் ஊறவிட்டு, விசிறியைக் குச்சியால் சுற்றி இளக்கிய பிறகே மின்சாரம் கொடுங்கள். முதல் ஓட்டத்தின்போது பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருங்கள்.

உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்?

கழுவும் இயந்திரம் மலையகத்தில் அரிது. துணி துவைக்கும் இயந்திரம் அரிதல்ல. உள்வரும் ஹோஸின் முக்கால் அங்குலப் புரி இரண்டுக்கும் ஒன்றுதான், ஹார்ட்வெயார் கடையிலேயே கிடைக்கும். கழிவு நீர்ப் பம்பியும் பல சமயம் ஒரே வடிவம் உடையது. பழையதைக் கையில் எடுத்துப்போய்த் துவைக்கும் இயந்திரம் திருத்துபவரிடம் காட்டினால், மூன்று திருகும் ஒத்துவரும் பம்பி ஒன்றைத் தேடி எடுத்துத் தருவார். ஹீட்டர், தெளிக்கும் கை, கதவு ரப்பர் ஆகியவை அந்தந்த மாதிரிக்கே உரியவை. தகட்டிலுள்ள முழு எண்ணையும் கைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொண்டு கொழும்பில் விசாரியுங்கள். எண்ணின் கடைசியிலுள்ள கோட்டுக்குப் பிறகு வரும் இரண்டு இலக்கங்களை விட்டுவிட்டதால் எனக்கு ஒருமுறை தவறான ரப்பர் வந்தது.

எந்தக் கட்டத்தில் திருத்துவதை விட்டுவிடலாம்?

தெளிக்கும் கைகளுக்கு நீரைத் தள்ளும் சுற்றோட்ட மோட்டார் எரிந்து, உள்தொட்டியின் அடியும் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், பத்து வருடம் கடந்த இயந்திரத்துக்கு நான் செலவழிக்க மாட்டேன். இரண்டில் ஒன்று மட்டும் என்றால் யோசிக்கலாம். பழைய இரும்புக்குப் போடுமுன் கழிவு நீர்ப் பம்பி, உள்வரும் வால்வு, ஹோஸ்கள், கதவுச் சுருள்வில்கள் ஆகியவற்றைக் கழற்றி ஒரு வாளியில் போட்டுவையுங்கள். அடுத்த வீட்டு இயந்திரத்துக்கு அவை உதவும். கம்பித் தட்டுகளையும் எடுத்துவிடுங்கள். கொட்டகலையில் ஒரு வீட்டில் அப்படிக் கழற்றிய கீழ்த்தட்டைப் பீலியருகே கல்லின்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்; கழுவிய மண்சட்டிகள் அதன் மேல்தான் காய்கின்றன.